இருவருக்கு ஒரு பெடல்

படகின் நடுவில் அவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும்போது தண்ணீர் ஏன் உள்ளே ஏறி வருவதில்லை? எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான். மற்றவர்கள் விலையைக் கேட்பார்கள், நிறத்தைக் கேட்பார்கள். நான் ஓட்டையைக் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள்தான் போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். ஓர் ஆள் சாய்வு நாற்காலி மாதிரி ஒன்றில் உட்கார்ந்து ஆற்றில் போகிறான். இரண்டு கையும் தூண்டிலில் இருக்கின்றன. கால் மட்டும் சைக்கிள் மிதிக்கிறது. துடுப்பு இல்லை, இஞ்சின் இல்லை, சத்தமும் இல்லை.

"இது என்னடி?"

"கயாக்குமா. பெடல் கயாக். கால்ல மிதிச்சா அடியில காத்தாடி சுத்தும், படகு போவும்."

"காத்தாடி அடியில இருக்குன்னா, பெடல் மேல இருக்குன்னா, நடுவுல ஓட்ட போட்டிருக்கணுமே?"

"ஓட்டதான் போட்டிருக்கான்."

"அப்புறம் எப்படி முழுகாம இருக்கு?"

"எனக்கு எப்படிமா தெரியும்? நான் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன், கப்பலா கட்டுறேன்?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வாங்கி அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். நான் பார்த்தது அந்த ஆளுடைய கைகளை. தோள் அசையவே இல்லை. முழங்கைக்கு மேல் ஒரு வேலையும் இல்லாமல் ஒருவன் ஆற்றில் போகிறான்.

அது எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் வேலை செய்த காலம் முழுக்கப் பாமாயில் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேலே கையைத் தூக்கி இழுத்து இழுத்து வெட்டுகிற வேலை. வேலை முடிந்து ஓய்வு எடுத்த பிறகு இரண்டு தோளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. உள்ளே ஜவ்வு நைந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இப்போது கை நெஞ்சு வரைக்கும்தான் வரும். சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன். சாப்பிடுவார், மோட்டார் சைக்கிளைக்கூட மெதுவாக ஓட்டுவார். துடுப்பு மட்டும் வலிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீடு ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில், டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி. ஆறு கடலோடு சேர்கிற பக்கத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய்விடலாம். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சினிமாவுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நாங்களும் கோயிலுக்குப் போவோம், ஆனால் லீவு நாள் என்றால் ஆற்றுக்குத்தான் போவோம். ஒரு சிறிய சம்பான் படகு வைத்திருந்தோம். அவர் பின்னால் உட்கார்ந்து துடுப்பு வலிப்பார். நான் முன்னால் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேர் தண்ணீருக்குள் விரல் விரலாக இறங்கியிருக்கும் இடங்களில்தான் நல்ல மீன் இருக்கும். சியாகாப் என்கிற கொடுவா பிடித்திருக்கிறோம், கெளுத்தி பிடித்திருக்கிறோம், மழைக்குப் பிறகு பெரிய இறாலும் ஏறியிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் என்னைவிட நன்றாகத் தூண்டில் போடுகிற பெண் யாரும் இல்லை. ஆணும் குறைவுதான்.

தோள் போனதும் அவர் யாரிடமும் கேட்காமல் சம்பானை விற்றுவிட்டார். நான் வலிக்கிறேன், நீங்கள் சும்மா உட்கார்ந்து வாருங்கள் என்று அதற்கு முன்பே சொல்லிப் பார்த்தேன்.

"நான் என்னா, அரிசி மூட்டையா?" என்றார். "ஏத்திக்கிட்டுப் போயி எறக்கி வக்கிறதுக்கு?"

அத்தோடு பேச்சு முடிந்தது. இஞ்சின் படகு வாங்கலாம் என்றால், கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்ப அதற்கும் தோள் வேண்டும். அதன் பிறகு அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தொலைக்காட்சியில் எது ஓடினாலும் பார்ப்பார். சீனப் பாஷையில் யாரோ சமையல் செய்வதைக்கூட ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். சண்டை போடுவதில்லை, குறை சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குறை சொல்லாத மனுஷன் என்னத்துக்கு ஆவார்? அவர் மறுபடியும் ஆற்றில் இறங்கவேண்டும், அதுவும் மூட்டையாக இல்லாமல் இறங்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே ஓட்டைக்கு வருகிறேன்.

என்னிடம் நடுவில் குழாய் வைத்த கேக் அச்சு ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும். அன்றைக்கு அலமாரியைத் திறக்கும்போது அது கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு போய்த் துணி அலசும் பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி அதை மிதக்கவிட்டேன். நடுக்குழாயில் தண்ணீர் ஏறியது. ஏறி, வெளியே தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நின்றுவிட்டது. அச்சுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே வெங்காயம் போட்டேன். அச்சு கொஞ்சம் இறங்கியது, குழாயில் தண்ணீர் கொஞ்சம் ஏறியது, அப்போதும் வழியவில்லை. உருளைக்கிழங்கு போட்டேன். குழாயின் உயரத்தைத் தாண்டினால்தான் உள்ளே வரும் என்று அப்போது புரிந்தது. ஓட்டைக்குச் சுவர் இருக்கிறது. சுவர் இருக்கிற வரைக்கும் அது ஓட்டை இல்லை, கிணறு.

"என்னா பண்ற?" என்று கேட்டுக்கொண்டு அவர் வந்து நின்றார்.

"வெங்காயத்த படகுல ஏத்துறேன்."

சற்று நேரம் பார்த்தார். "வெங்காயம் ஆத்துக்குப் போவுது. நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்விட்டார். பரவாயில்லை. வந்து பார்த்தாரே.

மகளைக் கூட்டிக்கொண்டு முதலில் ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனோம். அவரும் வந்தார், ஆனால் காரை விட்டு இறங்கியதும் பக்கத்துக் கடையில் காப்பி குடிக்கப் போய்விட்டார். கடைக்குள் கயாக்குகளைச் சுவரில் சாய்த்து நிற்க வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல. சீனப் பையன் ஒருவன் வந்தான். பேச்செல்லாம் மலாயில்தான்.

"மகனுக்கா ஆன்ட்டி?"

"எனக்கு."

மகளைப் பார்த்தான். "ஆமா, அவங்களுக்குத்தான்," என்றாள் அவள். எனக்கு அவன்மேல் கோபமில்லை. எழுபதைத் தாண்டியவள் வந்து படகு வேண்டும் என்றால் அவன் என்ன நினைப்பான்?

தரையில் ஒன்றை இறக்கி வைத்தான். மேலே வலைத்துணி போட்ட நாற்காலி. அதில் உட்காரச் சொன்னான். சுரிதார் போட்டுக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. காலை நீட்டினால் பெடல் எட்டவில்லை. நாற்காலியை முன்னால் தள்ளினான், இன்னும் தள்ளினான். இதற்குமேல் தள்ள முடியாது என்கிற இடத்தில் என் கால் எட்டியது. பெரிய ஆள்களுக்குச் செய்கிற சாமான் போலிருக்கிறது.

அந்தப் பெடல் வட்டமாகச் சுற்றுகிற பெடல் இல்லை. ஒரு காலை முன்னால் தள்ளினால் மற்றது பின்னால் வருகிறது. அடியில் காத்தாடிக்குப் பதில் மீன் செட்டை மாதிரி இரண்டு ரப்பர்ப் பலகைகள். அவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுகின்றன. மிதித்துப் பார்த்தேன். உடனே வந்துவிட்டது. எனக்கு அது புதிதே இல்லை. பிள்ளைகள் படித்ததெல்லாம் என் தையல் மிஷினில்தான். அந்த மிதிபலகையில் காலை வைத்து எத்தனை வருஷம் ஆட்டியிருப்பேன்! குதிகால், முன்கால், குதிகால், முன்கால். இந்தப் பெடலும் அதே மாதிரி போய்ப் போய் வருவதுதான்.

"ஆன்ட்டி நல்லா மிதிக்கிறாங்க லா!" என்றான் பையன்.

"இதுல பின்னாடி போவலாமா?" என்று கேட்டேன்.

போகாது என்றான். முன்னால் மட்டும்தான். பின்னால் போகிற மாதிரியும் வந்திருக்கிறது, அது இன்னும் விலை. இதன் விலையையே அப்போதுதான் கேட்டேன். மகள் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் பழைய கார் ஒன்று வாங்கலாம். அதுவும் ஒருவர் மட்டும் உட்காருவது. இரண்டு பேர் உட்காருகிறது வேண்டுமென்றால் பழைய கார் போதாது, புதுக் கார்தான்.

நான் கையில் வைத்திருந்தது சீட்டு எடுத்த பணம். அதற்குள் அடங்கவேண்டும். மகள் போட்டுக் கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். எங்கள் படகை நாங்கள் வாங்கவேண்டும்.

அதற்குப் பிறகு நான் கேட்காத ஆள் இல்லை. தூண்டில் கடைக்காரரைக் கேட்டேன். படகுத்துறையில் காரின் மேலே கயாக்கைக் கட்டிக்கொண்டு வருகிற பையன்களை நிறுத்திக் கேட்டேன். அவர்கள் நன்றாகப் பதில் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாம் விலையை மட்டும் கேட்பார்களாம். நான் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்பேன். முக்கால்வாசி எனக்கு அசையவே இல்லை. பெடல் வைத்த படகு துடுப்புப் படகைவிட ரொம்பக் கனம், அதனால் கரையில் இழுக்கச் சக்கரவண்டி ஒன்றும் சேர்த்து வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அகலமானது மெதுவாகப் போகும், ஆனால் ஆடாது. ஒடுக்கமானது ஓடும், ஆனால் வயதானவர் திரும்பிப் பார்த்தாலே கவிழ்ந்துவிடும். தண்ணீர் குறைந்து சேறு தட்டுகிற இடத்தில் காத்தாடியை மேலே தூக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் அது மண்ணில் இடிக்கும். மலிவாக வருகிற புதுசுகளில் படகு நன்றாகத்தான் இருக்கும், பெடல் பெட்டிக்குள் இருக்கிற பல்சக்கரம்தான் சீக்கிரம் தேயும். உப்புத்தண்ணீரில் போனால் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது. சாயங்காலம் அவரிடம் வந்து சொல்வேன். உம் கொட்டுவார். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

"செட்டை வச்சது சேத்துக்கு நல்லதாம். காத்தாடி வச்சது பின்னாடியும் போவுமாம்."

"உம்."

"ஆனா செட்டை வச்சது வெல கூட."

"உம்."

"உங்களுக்கு எது புடிக்குது?"

"மெதிக்கப் போறது நீ. என்ன எதுக்குக் கேக்குற?"

அப்படித்தான் என் திட்டமும் இருந்தது. நான் மிதிப்பது, அவர் முன்னால் உட்காருவது. ஆனால் அப்படி உட்கார்ந்தால் அவர் மறுபடியும் மூட்டைதான்.

பிறகுதான் காஹாங் ஊரில் ஒரு படகு கிடைத்தது. பழைய சாமான் விற்கிற இடம் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்த மகள் கண்டுபிடித்தாள். இரண்டு பேர் உட்காருவது, பெடல் வைத்தது, விலை மட்டும் மற்றதில் பாதிக்கும் கீழே. இவ்வளவு மலிவாக இருக்கிறதே, அடியில் கிழிந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். நல்ல தூரம். வழி நெடுக இரண்டு பக்கமும் செம்பனை. அவர் ஒவ்வொரு தோட்டத்தையும் பார்த்து, "குலைய வெட்டாம பழுக்க விட்டுட்டானுங்க," என்று முனகிக்கொண்டே வந்தார். சரி, குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விற்கிறவர் தமிழர்தான், லோரி ஓட்டி ஓய்வு எடுத்தவர். வீட்டுக்குப் பின்னால் சரிந்து இறங்கினால் தோட்டத்துப் பழைய குளம். படகை அதன் கரையிலேயே கவிழ்த்துப் போட்டிருந்தார். ஆலிவ் பச்சை, வெயிலில் வெளுத்திருந்தது. நான் குனிந்து அடியை முழுக்கத் தடவிப் பார்த்தேன். கீறல் இருந்தது, வெடிப்பு இல்லை.

"ஏன் தம்பி, இவ்வளோ மலிவா குடுக்குறீங்க?"

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. முன் சீட்டுலதான் பெடல் இருக்கு. முன்னயே சுக்கான் திருப்புற குமிழும் இருந்துச்சு, அந்தக் கயிறு உள்ளயே அறுந்துருச்சு. எடுத்து மாத்த முடியல. பின் சீட்டு குமிழு மட்டும்தான் வேல செய்யுது. மெதிக்கிற ஆளு ஒன்னு, திருப்புற ஆளு ஒன்னு. ஒத்தையா போறவனுக்கு இது ஆவாது. எல்லாம் வந்து பாக்குறானுங்க, போயிடுறானுங்க. என் தம்பியும் நானும் போவோம். அவன் இப்ப பினாங்குக்குப் போயிட்டான்."

பின் சீட்டின் பக்கத்தில் அந்தக் குமிழைக் காட்டினார். இடுப்புக்கு அருகில், ஒரு எலுமிச்சம்பழ அளவு. விரலால் திருப்பினால் போதும். நானும் திருப்பிப் பார்த்தேன். கையை உயர்த்தவே வேண்டாம்! மணிக்கட்டை அசைத்தாலே படகு திரும்பும். நான் முன்னால் மிதிப்பேன், இவர் சம்பானில் இருந்த மாதிரியே பின்னால் உட்கார்ந்து எங்கே போகவேண்டும் என்று திருப்புவார். மூட்டை யாருமில்லை. இதைவிடப் பொருத்தமாக எங்களுக்கு யார் செய்து கொடுப்பார்கள்?

"ஏங்க, ஏறிப் பாக்கலாம் வாங்க."

"நீ பாரு," என்று ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

சரி என்று மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நானே முன் சீட்டில் ஏறினேன். லோரிக்காரர் பின்னால் ஏறிக் குமிழைப் பிடித்துக்கொண்டார். மகள் தள்ளிவிட்டாள். காலைப் பெடலில் வைத்தேன். இது காத்தாடி வைத்தது, வட்டமாகச் சுற்றுகிற பெடல். மிதிப்பது மிதிப்பதுதானே என்று நினைத்திருந்தேன்.

வலது காலை அழுத்தினேன். படகு ஒரு சாண் முன்னால் போனது. அடுத்து என் கால் தானாகவே பின்னால் அழுத்தியது. படகு ஒரு சாண் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண். காலை மேலே கொண்டுபோய்ச் சுற்றி இறக்கவேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அது தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறது. நான் வாழ்க்கையில் சைக்கிள் ஓட்டியதே இல்லை. எங்கே போனாலும் அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து போவேன். அதை ஒரு குறையாக அதுவரைக்கும் நினைத்ததில்லை.

"சுத்துங்கக்கா, நல்லா சுத்துங்க!" என்றார் பின்னால் இருந்தவர்.

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"ம்மா, நிக்கிற எடத்துலயே நிக்கிறீங்க!" என்று மகள் கத்தினாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னாத்த தைக்கிற அங்க?" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல். "ஜாக்கெட்டா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வேலை வரவில்லை என்று நான் யார் முன்னாலும் நின்றதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். அழுத்த அழுத்த முன்னும் பின்னும் இன்னும் வேகமாக ஆடியதே தவிர, குளத்தில் இருந்த வாத்துகூட எங்களைப் பார்த்து நகரவில்லை.

"வலது காலு கீழ போனதும் இடது கால மேல தூக்கி முன்னாடி கொண்டா. முன்னாடி! பின்னாடி இல்ல. அலமாக், முன்னாடின்னா முன்னாடி!"

மரத்தடியை விட்டு அவர் கரைக்கே வந்துவிட்டார். வேட்டி இல்லை, அரைக்கால் சட்டைதான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்றார்.

"நீங்க வந்து மெதிச்சுக் காட்டுங்களேன் பாப்போம்," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

"எறங்கு."

லோரிக்காரர் அவசரமாக இறங்கினார். நான் முன் சீட்டிலிருந்து இறங்கிப் பின் சீட்டுக்குப் போனேன். என் கணவரால் கை ஊன்ற முடியாது, ஆகவே மகளும் லோரிக்காரரும் படகைப் பிடித்துக்கொள்ள, அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து அப்படியே காலை உள்ளே போட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளினோம். பெடலில் கால் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

படகு போனது. அவ்வளவு எளிதாகப் போனது. தோட்ட ரோட்டில் சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு மேடு ஏறிய கால்கள் அவை. தோள்தான் போயிருந்தது, கால் எங்கும் போகவில்லை. அதை நான் அதுவரைக்கும் யோசிக்காததுதான் ஆச்சரியம். படகு மிதிக்கப் போவது நான் என்று நானே முடிவு கட்டி, ஊரெல்லாம் என் கால் அளவுக்குப் படகு தேடியிருக்கிறேன்.

"எங்க போறோம்?" என்று திரும்பாமலே கேட்டார்.

அப்போதுதான் குமிழ் என் கையில் இருப்பது ஞாபகம் வந்தது. குளத்தின் எதிர்க்கரை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே பாசியும் கோரையும், நடுவில் சாய்ந்து விழுந்த செம்பனைத் தண்டு ஒன்றும் கிடந்தன. சம்பானில் அவர் துடுப்பை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். அதை முதுகில் கண் வைத்துப் பார்த்த மாதிரி எனக்குத் தெரியும். ஆகவே இடப்பக்கம் போகக் குமிழை வலப்பக்கம் திருப்பினேன். படகு வலப்பக்கமே திரும்பி நேராகத் தண்டை நோக்கிப் போனது.

"இந்தா! எங்க விடுற? மரம்! மரம்!"

"நான் அந்தப் பக்கம்தான் திருப்புறேன்!"

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்!"

இடிக்கப் போகிறோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்ன செய்தார் என்றால், பெடலைப் பின்னால் மிதித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களிடம் இருந்த பழைய சைக்கிளில் கைப்பிரேக் கிடையாது, பின்னால் மிதித்தால்தான் நிற்கும். அந்தப் பழக்கத்தில் மிதித்துவிட்டார். காத்தாடி எதிர்ப்பக்கம் சுற்றியது. படகு குலுங்கி நின்று, மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தபோது தண்டு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஆமை ஒன்று தண்ணீரில் குதித்தது.

அவர் மறுபடி பின்னால் மிதித்துப் பார்த்தார். படகு பின்னால் வந்தது. முன்னால் மிதித்தார், முன்னால் போனது.

"பிரேக் இருக்கு புள்ள," என்றார்.

அந்தக் குரலை நான் சம்பான் விற்ற நாளிலிருந்து கேட்கவில்லை.

குமிழ் எந்தப் பக்கம் திருப்பினால் எங்கே போகும் என்று அவர் முன்னாலிருந்தே சொல்லச் சொல்ல, குளத்தை முழுக்கச் சுற்றினோம். கரைக்கு வந்ததும் நான் பேசவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. இத்தனை வாரம் உம் கொட்டிய மனுஷன் லோரிக்காரரைப் பிடித்துக்கொண்டார். பெடல் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். பல்சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கிரீஸ் எது போடுவது, காத்தாடி உடைந்தால் வேறு எங்கே கிடைக்கும், சக்கரவண்டி சேர்த்துக் கொடுப்பீர்களா? நான் ஊரெல்லாம் கேட்டு வந்து சொன்னது ஒன்றுவிடாமல் அவர் வாயிலிருந்து வந்தது. அப்படியானால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அண்ணே, வண்டி சும்மாவே தர்றேன், எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் லோரிக்காரர், களைத்துப்போய்.

திரும்பி வரும்போது மகள் காதோடு கேட்டாள். "ம்மா, உண்மைய சொல்லுங்க. வேணும்னேதானே மெதிக்கத் தெரியாத மாதிரி நடிச்சீங்க?"

அவள் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறாள், சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறாள். எல்லோரும் என்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்கிறார்கள். அது பொய். எனக்கு உண்மையிலேயே மிதிக்க வரவில்லை. அதற்காக அன்று இரவு எனக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை. செய்யாத சாமர்த்தியத்துக்குப் பேர் வாங்குவது எனக்குப் பிடிக்காது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வாரம் ஆற்றில் இறக்கினோம். வாடகை லோரியிலிருந்து இறக்கவும் சக்கரவண்டியில் வைத்துத் தள்ளவும் மகள் வந்தாள். தண்ணீர் ஏற ஆரம்பித்த நேரம். அவர் முன்னால், நான் பின்னால். சத்தமே இல்லை. சம்பானில் துடுப்பு தட்டுகிற சத்தத்துக்கு ஓடிவிடுகிற நாரை, இப்போது நாங்கள் பக்கத்தில் போனபிறகுதான் எழுந்து பறந்தது. என்ன ஒன்று, சம்பானில் நான் திரும்பி உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம். இப்போது முதுகைப் பார்த்துத்தான் பேசவேண்டும். பாதி அவருக்குக் கேட்பதில்லை. கேட்காததும் சில நேரம் நல்லதாகத்தான் இருக்கிறது.

பாக்காவ் வேர் ஓரமாகப் படகை நிறுத்தி இருவரும் தூண்டில் போட்டோம். அவரால் கையை ஓங்கி வீச முடியாது. அப்படியே தண்ணீரில் விட்டு, படகை நகர்த்தித் தூண்டில் நரம்பை நீளவிட்டார். என் தூண்டிலில் ஒன்றுமில்லை. அவருடையதுதான் திடீரென்று வளைந்தது, நுனி தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு. சியாகாப்தான், சந்தேகமே இல்லை. கடித்ததும் அது வேருக்குள் ஓடப் பார்க்கும். ஓடிவிட்டால் நரம்பு அறுந்துவிடும். இந்த இடத்தில் கம்பை உயர்த்தி இழுக்கவேண்டும். அவர் உயர்த்திப் பார்த்தார். நெஞ்சு வரைக்கும் வந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

கம்பை என்னிடம் கொடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு என் தூண்டிலைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

அவர் கம்பை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து இடுக்கிக்கொண்டார். மிதிக்க ஆரம்பித்தார். முன்னால், வேகமாக, ஆற்றின் நடுவை நோக்கி. கையால் தூக்கவேண்டிய மீனைக் காலால் இழுக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீன் படகைத் தன் பக்கம் திருப்பிற்று. முனை வேருக்கே திரும்பியது.

"வெளிய திருப்பு! வெளிய!" என்று கத்தினார்.

எந்தப் பக்கம் என்று நான் இந்தத் தடவை கேட்கவில்லை. குமிழைத் திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முனை மெதுவாக ஆற்றின் நடுவுக்கு வந்தது. அவர் மூச்சு வாங்க மிதித்தார். வேர்க்காடு பின்னால் போயிற்று. திறந்த தண்ணீரில் அந்த மீன் ஒரு தரம் மேலே எழும்பி வெள்ளையாகப் புரண்டது. நல்ல மீன்.

வலையை எடுக்க நான் குமிழை விட்டுவிட்டுக் குனிந்தேன்.

"வலைய அப்புறம் எடு," என்றார் திரும்பாமல். "சுக்கான வுடாத. மீன நான் கொண்டு வர்றேன்."